அஞ்சு மணிக்கு முழுப்பேர்

மாமாவை அடக்கம் செய்த அன்று போதகர் சொன்ன ஒரு வாக்கியம் பதினான்கு மாதங்களாக என்னை விட மாட்டேன் என்கிறது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அன்று காலையிலிருந்தே தூறல். மயானத்து மண் கொழகொழவென்று கிடந்தது. பெட்டியை இறக்கியவர்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். நான் அம்மாவுக்குக் குடை பிடித்திருந்தேன். "நம்முடைய சகோதரர் இந்த நேரத்தில் ஆண்டவரோடு இருக்கிறார்" என்றார் போதகர். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அம்மாவும் சொன்னார், மற்றவர்களைவிடச் சத்தமாக. எனக்கு அந்த ஒரு சொல் தொண்டையைத் தாண்டி வரவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். பதினைந்து வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிருபையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான் அந்தக் குழியருகே நின்றுகொண்டு, "அது எப்படி? ஒன்பது நாளில் எப்படி?" என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். மாமா ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அம்மா கேட்டுக்கொண்டதற்காகப் போதகர் வந்தார். நீலத் திரையை இழுத்து மூடினோம். தண்ணீர் எடுக்க வேறு எதுவும் கையில் இல்லை. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தம்ளர் இருந்தது, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினோம். மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் முகமூடியைத் தாதி சற்றுத் தூக்கிப் பிடித்து, சீக்கிரம் என்று மலாயில் சொன்னார். "இயேசு கிறிஸ்துவை ஆண்டவராக விசுவாசிக்கிறீரா?" என்று போதகர் கேட்டார். மாமா தலையை அசைத்தார். வாய் ஏதோ சொல்ல முயன்றது, சத்தம் வரவில்லை. போதகர் மூன்று முறை தண்ணீர் தெளித்தார். அதில் ஒரு சொட்டு முகமூடியின் ரப்பர் வாரில் ஓடி, காதுமடலில் தொங்கி, தலையணையில் விழுந்தது. அவ்வளவுதான். எழுபத்தெட்டு வருட வாழ்க்கையில் மாமா கிறிஸ்தவராக இருந்தது அதற்குப் பிறகு ஒன்பது நாள்.

மாமா யார் என்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மூத்த அண்ணன். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கோயில் திருவிழா முழுக்கச் சுற்றிக் காட்டியவர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அப்புறம் குடி. முதலில் கள்ளு, பிறகு சம்சு. அது தோட்டப்புறத்தில் யாருக்கும் புதுக் கதை இல்லை, அதனால் நீட்டவில்லை. எனக்கு ஆறாத விஷயம் வேறு. அம்மா பதினைந்து வயதில் ரப்பர் மரம் வெட்டும் உளியைப் பிடித்தவர். 1998-இல் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு ஆட்களைக் குறைத்தபோதுதான் உளியைக் கீழே வைத்தார். குவாலா கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் வேலிக்குள் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அதன் வம்சத்து மரங்களை வெட்டிய அம்மாவிடம் கடைசியில் இருந்தது சேமநிதிக் காசு மட்டும்தான். ஐம்பத்தைந்து வயதானதும், 2004-இல், அது கைக்கு வந்தது. வந்து மூன்றாம் வாரம் மாமா வந்தார். பழைய லோரி ஒன்று சகாய விலைக்கு வருகிறது, ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்றார். 18,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். நான் சண்டை போட்டதால் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லோரி வரவே இல்லை. அம்மா மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்ட வைத்திருந்த காசு அது. அம்மா அறுபது வயதில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டுக் கழுவப் போனார். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்து, இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது.

ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுவது என் வேலை. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், இரண்டும் நேராகாமல் எனக்குத் தூக்கம் வராது. மாமாவின் கணக்கு நேராகவில்லை.

துக்க வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை. ஆனால் அவரவர் வேறு ஒன்றைப் பேசினார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற தம்பி முறையான ஒருவன், தெளித்தால் ஞானஸ்நானம் ஆகுமா, முழுக வேண்டாமா என்றான். கத்தோலிக்கச் சின்னம்மா, விசுவாசம் மட்டும் போதாது, நற்செயலும் வேண்டும் என்றார். எங்கள் மெதடிஸ்ட் பக்கத்து அண்ணன் ஒருவர் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று வாசித்தார். சின்னம்மா விடவில்லை, யாக்கோபு நிருபத்தைச் சொன்னார். லூத்தர் 1522-இல் அந்த நிருபத்தை வைக்கோல் என்று எழுதிய காலத்திலிருந்து நடக்கிற வழக்கு இது. 1999-இல் கத்தோலிக்கரும் லூத்தரன்மாரும் ஆக்ஸ்பர்க் நகரில் இதைப் பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொண்டார்கள். நாம் தேவனுக்கு ஏற்றவர்களாவது முழுக்கக் கிருபையால்தான், நற்செயல்கள் அந்தக் கிருபையின் கனி என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டாயிற்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உதவவில்லை. எனக்கிருந்த கேள்வி சபைகளுக்கு நடுவில் உள்ள கேள்வி இல்லை. 18,000 வெள்ளியை யார் கொடுப்பது என்பதுதான்.

மெட்ரோலாக்

என் மனதில் தேவன் எப்படி இருந்தார் என்று அந்த மாதங்களில்தான் கவனித்தேன். அவர் தோட்டத்தில் ரப்பர்ப் பாலை அளந்து கணக்கெழுத பால் ஸ்டோரில் நிற்கிற கிராணி மாதிரி இருந்தார்.

சின்ன வயதில் பள்ளி விடுமுறை என்றால் அம்மாவோடு வெட்டுக்காட்டுக்குப் போவேன். மரத்தில் பால் வடிகிற மங்கைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. பதினோரு மணிவாக்கில் பாலை வாளியில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் அங்கே வரிசை. கிராணி ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து உயரமான குவளையில் ஊற்றுவார். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றை அதில் விடுவார். அதுதான் மெட்ரோலாக். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். குழாய் ஆடி ஆடி நிற்கும் வரை அம்மா மூச்சுவிட மாட்டார். எண்ணைப் பார்த்துக் கிராணி புத்தகத்தில் எழுதுவார். என்ன எழுதினார் என்று நாம் எட்டிப் பார்க்க முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போது இல்லை என்றால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் கூலி இல்லை. பாதி வெட்டில் மழை பிடித்துக்கொண்டால் அரைப்பேர். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதோ தம்பிக்கு வயிற்றுப்போக்கு என்பதோ அந்தப் புத்தகத்தில் ஏறாது.

தானியேல் புத்தகத்தில் பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவரில் கை ஒன்று எழுதும் அல்லவா? "நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்." அந்த வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் முதன்முதல் கேட்டபோது என் கண்ணில் தெரிந்தது பாபிலோன் இல்லை, எங்கள் பால் ஸ்டோர்தான். நான் அந்தக் கிராணிக்குப் பயந்தே நல்ல பிள்ளையாக வளர்ந்தேன் என்று நினைக்கிறேன். குடிக்காமல், கடன் வாங்காமல், அம்மாவைக் கைவிடாமல், என் பாலில் தண்ணீர் கலக்காமல். மாமாவின் வாளியில் முழுக்கத் தண்ணீர். மெட்ரோலாக்கை விட்டால் இறங்காமல் மேலேயே மிதக்கும். அவருக்கும் அதே கூலி என்றால் நான் எதற்கு விடியற்காலையில் எழுந்தேன்?

பேதுருவும் இதைத்தான் கேட்டார் என்பது கொஞ்சம் ஆறுதல். நாங்கள் எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இயேசு திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் கதையைச் சொல்கிறார். மத்தேயு இருபதாம் அதிகாரம். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம். வேறு எந்தச் சுவிசேஷத்திலும் இந்தக் கதை இல்லை. மத்தேயுவை ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வாங்கியவர் என்று அதே சுவிசேஷம் சொல்கிறது. அதை எழுதியவரும் அவர்தான் என்பது சபையின் பழைய மரபு. கணக்குப் புத்தகம் பிடித்துப் பழகிய ஒருவர்தான் கணக்குக்கு அடங்காத இந்தக் கதையைக் காப்பாற்றி வைத்தார் என்பதை நினைக்கும்போது அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் வருகிறது. ஆனால் கதை மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். ஓய்வுநாள் பள்ளியில் இந்தப் பாடம் வந்தால் சீக்கிரம் முடித்துவிட்டு வண்ணம் தீட்டச் சொல்லிவிடுவேன்.

அம்மாவின் வேதாகமம்

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். தாமான் என்கிற குடியிருப்பில் அம்மா வீட்டு முன்வாசல். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். நான் சும்மா போகவில்லை, வசனங்களோடு போனேன். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தரின் காதில் விழுந்தது என்று எழுதியிருக்கிறதே, உன் கூலி கூக்குரலிடவில்லையா என்று கேட்டேன். வரி வசூலித்த சகேயுவைச் சொன்னேன். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழுந்து நின்று சொன்ன பிறகுதானே இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார்? மாமா நாலு மடங்கு வேண்டாம், நாலு சென் கொடுத்தாரா?

அம்மா கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. "சகேயு கையில காசு இருந்துச்சு பாப்பா. சிலுவையில தொங்குன கள்ளன் கையில ஆணி இருந்துச்சு. அவன் எதைத் திருப்பித் தருவான்?" என்றார்.

இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் அவரிடம் கேட்டு இரட்சிப்படைந்த கள்ளனைச் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கல்யாணமாகி அப்பா வீட்டுக்கு வந்த பிறகுதான் கிறிஸ்தவரானார். அவர் கையில் இருக்கிற வேதாகமம் ஓரங்கள் எண்ணெய் ஏறிப் பழுப்பாகி, முதுகு பிரிந்து, பிளாஸ்டர் ஒட்டி நிற்கிறது. அதில் அவர் அடிக்கோடு போடுவதில்லை. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி வாசிப்பார். அப்படியே சில பக்கங்களில் எழுத்து மங்கிப்போய்விட்டது. நான் மூன்று மொழிபெயர்ப்புகள் வைத்திருக்கிறேன், கைப்பேசியில் இன்னும் நாலு. எனக்கு வேதம் ஒரு வழக்குக் கட்டு. தேவைப்படும்போது சாட்சி எடுக்கிற இடம்.

வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நானும் அதை நம்புகிறேன், முழு மனதோடு. ஆனால் அது வானத்திலிருந்து கட்டாக வந்து விழவில்லை என்பதையும் சேர்த்தே நம்ப வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சேறி முடிந்தது. அதற்கப்புறம் பப்ரிஷியஸ், 1871-இல் பவர் தலைமையிலான குழு என்று எத்தனையோ கைகள். மணலில் எழுதிய விரலில் தொடங்கியது ரப்பர்ப் பால் கறை போகாத என் அம்மாவின் விரல் வரை வந்திருக்கிறது. ஆவியானவர் எழுதினவர்களோடு நின்றுவிடவில்லை, வாசிக்கிறவர்களிடமும் வேலை செய்கிறார் என்று சபையில் சொல்வோம். நான் அதைச் சொல்லி மட்டும்தான் பழகியிருந்தேன்.

அன்றைக்கு அம்மா உள்ளே போய் வேதாகமத்தை எடுத்துவந்து, மத்தேயு இருபதைத் திறந்து என் மடியில் வைத்தார். "சத்தமா வாசி" என்றார்.

தொரையே வந்தாரா?

வாசித்தேன். வீட்டெஜமான் அதிகாலையிலே புறப்பட்டான். மூன்றாம் மணி வேளையிலும் புறப்பட்டுப் போனான். ஆறாம் மணி, ஒன்பதாம் மணி. அந்தக் காலத்தில் மணியை விடியலிலிருந்து எண்ணினார்கள், பதினோராம் மணி என்றால் நம் சாயங்காலம் அஞ்சு மணி. பதினோராம் மணி வேளையிலும் போய், சும்மா நிற்கிற வேறு சிலரைக் கண்டு, நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன என்று கேட்டான். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்றார்கள்.

"அங்க நிறுத்து" என்றார் அம்மா.

அப்புறம் ஒரு கதை சொன்னார். எனக்கு இதுவரை சொல்லாதது. தோட்டத்தில் ஆள் குறைத்த பிறகு, சேமநிதிக் காசு கைக்கு வர இன்னும் ஆறு வருடம் இருந்த காலம். காலை ஐந்தரைக்கெல்லாம் மெயின் ரோட்டுச் சந்தியில் போய் நிற்பாராம். குத்தகைக்காரர்களின் லோரி வரும். செம்பனைக் காட்டில் உரம் போட, உதிரிப் பழம் பொறுக்க ஆள் ஏற்றிக்கொண்டு போவார்கள். முதலில் வாலிபர்களை ஏற்றுவார்கள். பிறகு கையில் பலமுள்ள பொம்பளைகளை. ஐம்பது வயதுக்காரிக்கு இடமிருந்தால் உண்டு. "ஏழு மணிக்கு எல்லா லோரியும் போயிரும். நானும் இன்னொரு கிழவியும் நிப்போம். அது எனக்கும் மூத்தது, கண்ணு வேற சரியில்ல. ஒரு நாளும் அதை யாரும் ஏத்தினதில்ல. நான் வீட்டுக்குப் போயிருவேன். அது போகாது. பத்து மணி, பன்னண்டு மணி வரைக்கும் அந்தப் பஸ் ஸ்டாப்புலயே உக்காந்திருக்கும்."

ஏன் என்று கேட்டேன்.

"சோம்பேறியா இருந்தா ஏழரைக்கே வீட்டுக்குப் போயிருக்கும் பாப்பா. அஞ்சு மணி வரைக்கும் நிக்கிறவனுக்கு வீட்டுக்குப் போகப் பயம். வெறுங்கையோட எப்படிப் போறது?"

நாற்பது வருடமாக இந்த உவமையைக் கேட்டிருக்கிறேன். பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன், நானே பாடம் நடத்தியிருக்கிறேன். எல்லா நேரமும் நான் நின்றது விடியற்காலையில் வந்தவர்களின் வரிசையில். பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்தது யார் என்று கேட்டால் என் கை முதலில் உயரும். அஞ்சு மணிக்காரன் பகலெல்லாம் படுத்துத் தூங்கிவிட்டு வந்தவன் என்றுதான் என் மனதில் ஒரு படம். கதையில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. அவன் பகல் முழுவதும் அங்கேயே நின்றிருக்கிறான்.

அம்மா அதோடு விடவில்லை. "எத்தனை தடவ வந்தாருன்னு எண்ணினியா?" என்றார். எண்ணினேன். அஞ்சு. "அவருக்குக் காரியக்காரன் இருந்தான்ல?" ஆமாம், எட்டாம் வசனத்தில் வருகிறான். கூலி கொடுக்கச் சொல்லி எஜமான் அவனைத்தான் கூப்பிடுகிறார். "கூலி குடுக்க அவனை அனுப்புறாரு. ஆள் கூப்பிட மட்டும் அவரே போறாரு. அஞ்சு தடவ. நம்ம தோட்டத்துல தொரை பெரட்டுக்கு வந்து பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. தொரை ஜீப்பில் போவார், நாங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்போம். பெரட்டுக்கு வருவது ஆட்களை மேய்க்கிற மண்டோர், எழுதுவது கிராணி. தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தார்கள் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. அவர் முப்பது வருடம் வேலை செய்தது முகம் தெரியாத ஆட்களுக்கு. அதனால்தான் அவர் கண்ணில் இது பட்டிருக்கிறது: நிலத்துக்குச் சொந்தக்காரரே தூசி பறக்கிற கடைத்தெருவுக்கு அஞ்சு தடவை நடந்து வருகிறார், அதுவும் வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது. அந்த நேரத்தில் ஆள் எடுப்பதால் தோட்டத்துக்கு ஒரு லாபமும் கிடையாது. ஆட்கள் நிற்கிறார்களே என்பதற்காக வருகிறார்.

325-ஆம் ஆண்டு நிசேயாவில் ஆயர்கள் கூடி எதற்காக அப்படிச் சண்டை போட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற மூப்பர், குமாரன் பிதாவால் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். எவ்வளவு உயர்ந்தவர் ஆனாலும் படைக்கப்பட்டவர். நிசேயாவில் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். 2025-இல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்தது. எங்கள் ஆலயத்திலும் அதைப் பற்றி ஒரு ஞாயிறு பேசினார்கள். படித்தவர்கள் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு நின்ற வாதம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஆரியுஸ் சொன்னது சரி என்றால் கடைத்தெருவுக்கு வந்தது எஜமான் இல்லை, கங்காணி. நல்ல கங்காணியாக இருக்கலாம், இரக்கமுள்ளவராக இருக்கலாம், இருந்தாலும் அனுப்பப்பட்ட ஆள். தேவன் அப்போதும் பங்களாவில்தான் இருக்கிறார். நிசேயா சொல்வது, வந்தவர் அவரே என்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேரைச் சொன்னாலும் தேவன் ஒருவரே என்பதை என்னால் யாருக்கும் கணக்குப் போட்டு விளக்க முடியாது. ஆனால் அது ஏன் முக்கியம் என்று இப்போது தெரியும். வார்டில் நீலத் திரைக்குப் பின்னால் மாமாவிடம் வந்தது யார் என்கிற கேள்வி அது.

"சரி, ஆனா மாமா சும்மா நிக்கலையேம்மா" என்றேன். எனக்கு இன்னும் விட மனமில்லை. "எடுத்துட்டுப் போனாரே."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது வேற கணக்கு. அது எனக்கும் அண்ணனுக்கும். அதை நான் விட்டுட்டேன்" என்றார். எப்போது என்று கேட்டேன். தட்டுக் கழுவப் போன இரண்டாம் வருடம், ஒரு நாள், காரணம் ஒன்றும் இல்லை, தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என்றார்.

ஈப்போவுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தொழிலில் வராக்கடன் என்று ஒன்று உண்டு. இனி வராது என்று தெரிந்த கடனைத் தள்ளுபடி செய்து எழுதுவோம். அப்படி எழுதினால் அந்தப் பணம் மாயமாகிவிடாது. கடன்காரன் பெயரிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நட்டக் கணக்கில் போட வேண்டும். யாராவது ஒருவர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும், இல்லையென்றால் ஏடு நேராகாது. மாமாவின் 18,000 வெள்ளியை யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனே, கொடுத்தவர் எனக்குப் பக்கத்தில் கீரை உருவிக்கொண்டிருந்தார். வெடித்த விரல்களால் ஒவ்வொரு தட்டாகக் கழுவிக் கொடுத்து முடித்திருக்கிறார். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல், நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறார். அங்கே கிரேக்கத்தில் இருக்கிற சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிற சீட்டுக்கான சொல். மாமா நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாரே, அது மாதிரி. இரட்சிப்பு இலவசம் என்று சொல்லிச் சொல்லி, யாருக்கும் எதுவும் செலவாகாத ஒன்றாக அதை நான் ஆக்கிவைத்திருந்தேன். அதனால்தான் மாமாவுக்கு அது கிடைத்தது எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. ஏற்றுக்கொண்டவரின் கையில் ஆணி இருந்தது.

இவ்வளவு புரிந்த பிறகும் என் கோப்பில் இருக்கிற அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. கிழித்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் பொய். இரண்டு முறை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துவிட்டேன்.

அத்தை

இன்னொன்றும் இருக்கிறது. மாமாவின் அடக்க நாளில் என் வாயை அடைத்தது பணம் மட்டும் இல்லை, அத்தையும்தான்.

அத்தை 2018-இல் போனார். மாமாவின் குடியையும் அடியையும் சகித்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, வெள்ளிக்கிழமை தவறாமல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றி, யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல் வாழ்ந்து முடித்தவர். மாமா காசை வாங்கிக்கொண்டு போன மறுமாதம் அம்மாவிடம் வந்து, தன் கம்மலைக் கழற்றி மேசையில் வைத்தவர். அம்மா வாங்கவில்லை. ஒன்பது நாள் விசுவாசித்த மாமா ஆண்டவரோடு இருக்கிறார் என்றால் அத்தை எங்கே? அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்று அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு சொல்கிறார், அதை நான் தள்ள மாட்டேன். தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், தங்கள் மனச்சாட்சிப்படி தேவனைத் தேடுகிறவர்களும் கிறிஸ்துவின் கிருபையால் இரட்சிப்படையக் கூடும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. சின்னம்மா அதை நம்புகிறார். எங்கள் பக்கத்தில் பலர் நம்புவதில்லை. போதகரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் நல்ல மனிதர். ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜெபம்பண்ணலாம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை, கிளம்புவதற்கு முன், அம்மாவிடம் இதையும் கேட்டேன். கீரை உருவி முடிந்திருந்தது. அம்மா காம்புகளை நாளிதழில் சுருட்டிக்கொண்டிருந்தார். அத்தை பெயரைச் சொன்னதும் கை நின்றது. கொஞ்ச நேரம் கேட்டுக்கு வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் மடியிலிருந்த வேதாகமத்தை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, அந்த அதிகாரத்தை மறுபடியும் விரல் வைத்து மெதுவாக வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. பதினாறாம் வசனம் வரை போய்விட்டு மேலே திரும்பி வந்தார். விரல் ஆறாம் வசனத்தில் நின்றது.

"அஞ்சு மணிக்கு அப்புறம் அவரு இன்னொரு தடவ கடைத்தெருவுக்குப் போனாரா இல்லையான்னு இதுல எழுதல பாப்பா" என்றார். "போகலைன்னும் எழுதல."

வேதாகமத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.